தனுஷ்கோடியில் ஒரு கேச் வைக்கலாம் என்று இருக்கிறேன், கருத்து சொல்லுங்கள்

திசைகாட்டி | நவம்பர் 9, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஜியோகேச்சிங் விளையாடுகிறேன். இதுவரை 140 கேச் கண்டுபிடித்திருக்கிறேன், பெரும்பாலும் பெங்களூரிலும் ஆபீஸ் வேலையாக வெளிநாடு போன இடங்களிலும்தான். நம் ஊரில் கேச் மிகக் குறைவு. தேடிக்கொண்டே இருந்தால் போதுமா, நாமே ஒன்று வைக்க வேண்டாமா என்று ரொம்ப நாளாக யோசனை.

போன வாரம் தனுஷ்கோடி போயிருந்தேன், 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்துபோன ஊர். பார்த்ததுமே இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன். நான்கு கட்டமாகப் போகும் மல்டி கேச். முதல் கட்டம் பாம்பன் பாலம், இரண்டாவது கோதண்டராமர் கோயில், மூன்றாவது பழைய ரயில் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி, கடைசியாக இடிந்த சர்ச். சர்ச் சுவரில் நல்ல இடுக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சின்னப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கையெழுத்துப் போட ஒரு சுருள் காகிதம். அவ்வளவுதான்.

புதிர் இப்படி: அ = கடலில் போன ரயிலின் எண் (653). ஆ = அந்த ரயிலில் இறந்தவர்கள் (115). இ = அன்றைக்கு விழுந்த பாம்பன் பாலத்தின் கர்டர்கள், அதாவது இரும்பு உத்தரங்கள் (126). ஈ = ஊரில் மொத்தம் இறந்தவர்கள் (1800). இவற்றைக் கூட்டிக் கழித்தால் கடைசி இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வந்துவிடும். பெயர் "கடைசி ரயில்". கடினம் 3, நிலப்பரப்பு 2 (இரண்டும் ஐந்துக்கு).

டிசம்பர் 22 அன்று வெளியிட ஆசை. என்ன சொல்கிறீர்கள்?

பைக்_பாண்டி | நவம்பர் 9, இரவு 9:58

தல, செம ஐடியா. முதல் ஆளா எடுக்கப்போறது நான்தான், இப்பவே துண்டு போட்டுட்டேன். பாம்பன்ல வண்டிய நிறுத்தி ஒரு டீ, அப்படியே ரோடு முடியற அரிச்சல்முனை வரைக்கும் ஒரே நேர் ரோடு. சொர்க்கம்.

புதுசு_2025 | நவம்பர் 9, இரவு 10:20

மன்னிக்கணும், ஜியோகேச்சிங்னா என்னங்க? புதையல் வேட்டை மாதிரியா?

திசைகாட்டி | நவம்பர் 9, இரவு 10:31

கிட்டத்தட்ட அதேதான். ஒருத்தர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய், உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப அப்படியே வைக்க வேண்டும். 2000 மே மாதம் ஆரம்பித்தது. அதுவரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. மே 2-ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே அங்கே ஓரிகன் மாநிலத்தில் ஒருத்தர் காட்டுக்குள் ஒரு வாளியை வைத்துவிட்டு எண்ணை வெளியிட்டார். அப்படிப் பரவியதுதான்.

மீட்டர்கேஜ்_காரன் | நவம்பர் 10, காலை 6:15

தம்பி, உற்சாகம் நல்லதுதான். ஆனால் ரயில் விஷயத்தில் கை வைத்தால் நான் வந்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்று. உங்கள் பாதை பாம்பன், ராமேஸ்வரம், கோதண்டராமர் கோயில் என்று இன்றைய சாலைப்படி போகிறது. "கடைசி ரயில்" ராமேஸ்வரம் வழியாகப் போகவில்லை. அந்தக் காலத்தில் பாம்பன்தான் ஜங்ஷன். அங்கிருந்து ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று நேராகத் தனுஷ்கோடிக்கு. மெட்ராஸ் எழும்பூரில் ஏறிய போட் மெயில் பயணி தனுஷ்கோடி முனையில் இறங்கி, கஸ்டம்ஸ் முடித்து, கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்குவார். அங்கே கொழும்புக்கு ரயில் தயாராக நிற்கும். டிக்கெட் ஒன்றே. ராமேஸ்வரம் கோயிலுக்குப் போகிறவர்கள் பாம்பனில் மாற வேண்டும். ஆக உங்கள் வீரர்கள் வழியில் ராமேஸ்வரத்தில் நின்று "இந்த வழியாகத்தான் ரயில் போனது" என்று கண் கலங்கினால் அது வேறு ரயிலுக்கான கண்ணீர்.

இரண்டாவது, அன்று போனது போட் மெயில் என்று யூடியூபில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இல்லை. அது பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். 22-ஆம் தேதி இரவு 11:55-க்குப் பாம்பனில் இருந்து கிளம்பியது. தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் விழவில்லை. இருட்டு, மழை. டிரைவர் நின்று பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்து வண்டியை எடுத்தார் என்று சொல்வார்கள். அப்புறம் அலை.

மூன்றாவது, உங்கள் "ஆ". 115 என்பது 110 பயணி, 5 ரயில்வே ஊழியர் என்ற கணக்கு. 110 எப்படி வந்தது? விற்ற டிக்கெட்டை எண்ணி. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? அதனால்தான் சிலர் 200 வரைக்கும் சொல்கிறார்கள். உங்கள் புதிரில் எதைப் போடுவது?

"இ" மட்டும் சரி. 145 கர்டரில் 126 போய்விட்டது. ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர் பொறுப்பெடுத்து, கடலுக்கு அடியில் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து மாட்டி 46 நாளில் முடித்தார். பின்னால் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ எல்லாம் கட்டிய அதே ஸ்ரீதரன். இதைப் பற்றி ஒரு கேச் வையுங்கள், நானே முதலில் வருகிறேன்.

கச்சான்காத்து | நவம்பர் 10, பிற்பகல் 1:07

நான் ராமேஸ்வரம். படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்.

அண்ணே, நீங்க தப்பான ஆள்னு சொல்லல. ஆனா செத்தவங்க எண்ணிக்கைய கூட்டிக் கழிச்சு டப்பா இருக்கற எடத்தக் கண்டுபிடிக்கணும்னு எழுதியிருக்கீங்க. அந்த 1800-ல எங்க அப்பத்தாவோட அம்மாவும் ரெண்டு தம்பியும் இருக்காங்க. அப்பத்தாவுக்கு அப்ப பதினோரு வயசு. இன்னும் இருக்காங்க. நேத்து ராத்திரி மீன் குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு என்னய திட்டுனாங்க.

"கடைசி ரயில்", கடினம் 3. சரி.

பைக்_பாண்டி | நவம்பர் 10, பிற்பகல் 1:30

ப்ரோ, வருத்தம் புரியுது. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப தனுஷ்கோடியில என்ன நடக்குது? சர்ச் வாசல்ல சங்கு, சிப்பி, பாசிமணி கடை. உள்ள ஃபோட்டோஷூட். கல்யாண ஜோடி சுவத்து மேல ஏறி நிக்குது. ஒருத்தன் ட்ரோன் விடுறான். அரிச்சல்முனையில அன்னாசிப்பழம் மிளகாப்பொடி போட்டு விக்குறாங்க. இத்தனைக்கும் நடுவுல கட்டைவிரல் அளவு டப்பா ஒண்ணு, யார் கண்ணுக்கும் தெரியாம இருந்துட்டுப் போகுது. அது மட்டும் எப்படித் தப்பாகும்?

கச்சான்காத்து | நவம்பர் 10, பிற்பகல் 2:12

கடை போட்டிருக்கறது எங்க ஆளுங்க. 64-க்கு அப்புறம் இது மனுசன் இருக்கத் தகுதியில்லாத எடம்னு கவருமெண்டு அறிவிச்சிருச்சு. அதுக்கு மேலயும் போய் ஓலக்குடிசை போட்டு, கரைவலை இழுத்து, மணல்ல கையால ஊத்து தோண்டி தண்ணி எடுத்துக் குடிச்சவங்க. கடலுக்குப் பத்தடியில நல்ல தண்ணி வரும், நீங்களே பாத்திருப்பீங்க. அவங்க பாசிமணி விக்கறதும் வெளியூர்லருந்து வந்து டப்பா ஒளிக்கறதும் ஒண்ணா?

ஃபோட்டோ எடுக்கறவங்க எனக்குப் பிடிக்காது. ஆனா அவங்க சுவத்துல விரல விட்டு நோண்டல. சர்ச்சு பவளக்கல்லு, சுண்ணாம்பு. அறுவது வருசமா உப்புக்காத்து தின்னது. கை வச்சாலே உதிருது. நீங்க ஒரு இடுக்குலதான் வச்சிருக்கீங்க. தேடுறவனுக்கு எந்த இடுக்குன்னு தெரியாதே. அவன் நாப்பது இடுக்கு நோண்டுவான்.

இன்னொண்ணு. சடலம் ஒதுங்கின எடத்துலயே மணலத் தள்ளிப் பொதச்சாங்கன்னு அப்பத்தா சொல்லும். எங்க எங்கன்னு கல்லு நடல. நீங்க "நல்ல இடம்"னு நின்னீங்களே, அது என்னான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

திசைகாட்டி | நவம்பர் 10, இரவு 8:50

கச்சான்காத்து, மன்னித்துவிடுங்கள். புதிர் எழுதும்போது அது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், நாலு எண்ணும் கிடைத்தவுடன் "அட, பொருந்துகிறதே" என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சர்ச் சுவரை விட்டுவிடுகிறேன். ஆனால் ஊரையே விட்டுவிட வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. இந்த விளையாட்டு இல்லாவிட்டால் நான் எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கவே மாட்டேன். டப்பாவைத் தேடிப்போய் நின்ற இடத்தில்தான் பலகையைப் படித்திருக்கிறேன்.

கார்டிஃப்_காகம் | நவம்பர் 11, அதிகாலை 3:26

இங்கே வேல்ஸில் இருந்து. பதினான்கு வருடமாக நானும் கேச் தேடுகிறேன், அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் அபர்ஃபான் என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவை மலைமேல் குவித்துக்கொண்டே வந்தார்கள். அடியில் நீரூற்று இருந்த இடத்திலேயே ஏழாவது குவியலைக் கொட்டினார்கள். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு அது சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். பள்ளி இருந்த இடம் இப்போது பூங்கா. வகுப்பறைச் சுவர்கள் நின்ற கோட்டிலேயே தாழ்வான மதில் எழுப்பியிருக்கிறார்கள். மேலே கல்லறைத் தோட்டத்தில் வெள்ளை வளைவுகள் வரிசையாக, கீழே சாலையில் இருந்தே தெரியும்.

முதல் தடவை போனபோது பழக்கதோஷத்தில் ரயிலைவிட்டு இறங்கியதுமே போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தேன். பூங்கா வாசலில் ஒரு முதியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த போனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "கழிப்பறை அந்தப் பக்கம்" என்று மட்டும் கைகாட்டினார். எதையோ தேடுகிறேன் என்று நினைத்திருப்பார் போல. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். அன்றைக்கு நான் எதையும் தேடவில்லை. அருகில் கேச் இருக்கிறதா என்று இன்று வரைக்கும் பார்க்கவும் இல்லை.

இதனால் விதி ஒன்றும் உருவாக்க வரவில்லை. கல்லறைக்கு வெளியே கேச் வைப்பது இங்கே சகஜம், யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆனால் நாற்பது அம்பது வருடத்துக்குள் நடந்த விஷயம், தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும் விஷயம் என்றால் அங்கே முதலில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 2016-இல் போனில் பொம்மை பிடிக்கும் போக்கிமான் கோ விளையாட்டு வந்த புதிதில், நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குள் போய்க்கூடப் பொம்மை பிடித்தார்கள். அருங்காட்சியகம் கம்பெனியிடம் சொல்லி எடுக்கவைத்தது. ஹிரோஷிமா நினைவுப் பூங்காவிலும் அப்படியே, ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன்னால். அங்கே விளையாட்டை வைத்தது ஒரு கம்ப்யூட்டர், யாரையும் கேட்க அதற்குத் தெரியாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

பைக்_பாண்டி | நவம்பர் 11, காலை 9:02

நாப்பது அம்பது வருசம்னு கோடு போட்டீங்க. 64-ல இருந்து அறுபது தாண்டிருச்சே. அப்போ ஓகேவா? 😬

கார்டிஃப்_காகம் | நவம்பர் 11, மதியம் 12:40

பதினோரு வயதில் பார்த்த அப்பத்தா மீன் குழம்பில் உப்பு சரிபார்த்துக்கொண்டிருக்கும்வரை ஓகே இல்லை.

கடலோரக்_கணக்கு | நவம்பர் 11, மாலை 5:33

உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறைக்கு வருவோம். அரிச்சல்முனையில் நின்றால் அந்தப் பக்கம் இலங்கை. கடற்படை, கடலோரக் காவல் படை, மரைன் போலீஸ், கியூ பிராஞ்ச் எல்லாருடைய கண்ணும் இருக்கும் கரை. சாயங்காலம் ஆனால் சுற்றுலாக்காரர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அங்கே மூடிய டப்பா ஒன்றைச் சுவருக்குள் திணித்துவிட்டு நீங்கள் மதுரைக்குப் போய்விடுவீர்கள். பார்க்கிற காவலர் அதை விளையாட்டு என்றா நினைப்பார்?

இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் 2011-இல் இதுதான் நடந்தது. ஒருவர் ஒரு கடை வாசலில் எதையோ மறைத்து வைப்பதைப் பார்த்துப் போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். தெருவைக் காலி செய்து, வெடிகுண்டுப் பிரிவு வந்து டப்பாவை வெடிக்கவைத்தது. உள்ளே கையெழுத்துக் காகிதம்தான்.

தவிர 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கான சரணாலயத்தை அரசு அறிவித்தது. 500 ஹெக்டேருக்கு மேல். தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. கரையில் ஆமை முட்டையிடும் இடங்கள். எந்த அடி நிலம் எந்தத் துறையுடையது என்று தெரியாமல் பொருள் எதுவும் வைக்காதீர்கள். ஜியோகேச்சிங் தளமே நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதியைக் கேட்கிறது. வனத்துறை அலுவலகத்தில் போய் "ஐயா, டப்பா வைக்க அனுமதி வேண்டும்" என்று மனு எழுதிப் பாருங்கள். அந்தப் பதிலை இங்கே போடுங்கள், எல்லாரும் சிரிப்போம்.

ராமபக்தன்_108 | நவம்பர் 11, மாலை 6:10

எல்லாம் சரி, ராமர் பாலம் இயற்கையா மனிதன் கட்டியதா என்று யாருமே பேசவில்லையே? என் கருத்து என்னவென்றால்

மட்டுறுத்துநர் | நவம்பர் 11, மாலை 6:25

மேலே உள்ள பதிவும் அதற்கு வந்த 31 பதில்களும் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. 15 நிமிடத்தில் 31. இங்கே தனுஷ்கோடி கேச் பற்றி மட்டும்.

மண்ணியல்_டீச்சர் | நவம்பர் 12, காலை 7:48

நான் பள்ளியில் புவியியல் எடுத்தவள். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. என் மகன் இழையை அனுப்பினான்.

திசைகாட்டி தம்பி, டப்பாவே இல்லாத கேச் வகை ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும்: எர்த்கேச். 2004-இல் ஆரம்பித்தது. எதையும் ஒளிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, எடுக்கக் கூடாது. அந்த இடத்தின் மண்ணைப் பற்றி ஒரு பாடம் எழுத வேண்டும். வருகிறவர் நின்று, பார்த்து, கேள்விக்குப் பதில் எழுதி உங்களுக்கு அனுப்ப வேண்டும். பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் காப்பி அடிக்கிற கேள்வி செல்லாது, கண்ணால் பார்த்துச் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும்.

தனுஷ்கோடியைவிட நல்ல வகுப்பறை எங்கே இருக்கிறது? அது அலையும் காற்றும் கொண்டுவந்து சேர்த்த மணல் நாக்கு. ஆறு மாதம் ஒரு பக்கத்தில் இருந்து மணல் வரும், ஆறு மாதம் மறுபக்கத்தில் இருந்து. முனையின் வடிவம் வருடத்துக்கு வருடம் மாறும். நான் 1989-இல் மாணவிகளை வேனில் கூட்டிப்போனபோது (அப்போது ரோடு கிடையாது, தண்ணீருக்குள் வேன் போகும், பிள்ளைகள் கத்துவார்கள்) பார்த்த முனையும் 2017-இல் ரோடு போட்டபின் பார்த்த முனையும் ஒன்றல்ல.

அந்த இரவு என்ன நடந்தது என்பதும் இந்தப் பாடத்துக்குள்ளேயே வரும். டிசம்பர் 17 வாக்கில் அந்தமான் பக்கம் உருவான தாழ்வு மண்டலம் புயலாகி, இலங்கையின் வவுனியா பக்கம் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. அந்தக் கடல் ஆழம் குறைவு. ஆழமான கடலில் காற்று தள்ளும் தண்ணீர் அடியில் திரும்பி ஓட இடம் உண்டு. ஆழமில்லாத கடலில் ஓட இடமில்லை, மேலே ஏறத்தான் வேண்டும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி ஓரத்தில் ஊதிப் பார்த்தால் தெரியும். அந்த நீர் ஏற, நடுவில் இருப்பதோ சில அடி உயர மணல். அதன்மேல் ஸ்டேஷன், தபால் நிலையம், பள்ளி, சுங்க அலுவலகம், வீடுகள். ஊரை அங்கே வைத்தது பூகோளம் அல்ல, கப்பலுக்கு அதுதான் குறுக்கு வழி என்ற கணக்கு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கச்சான்காத்து சொன்னதைப் படித்தபிறகு, "மணல் எப்படி நகர்கிறது" என்று மட்டும் எழுதி அந்த மணலில் யார் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிடலாமா என்று எனக்கும் உறுத்துகிறது.

மீட்டர்கேஜ்_காரன் | நவம்பர் 12, காலை 10:05

டீச்சரம்மா, அருமை. தட்டில் ஊதிப் பார்த்தேன், சட்டை நனைந்தது.

திசைகாட்டி | நவம்பர் 12, இரவு 9:15

எர்த்கேச் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. டப்பா இல்லை, சுவர் இல்லை, போலீஸ் இல்லை. இறந்தவர்கள் எண்ணிக்கையைப் புதிரில் இருந்து எடுத்துவிடுகிறேன். ஆனால் விவரத்தில் ஒரு வரியாகவாவது போட வேண்டும் அல்லவா? 115, 1800 என்று. அதுகூட வேண்டாமா?

கச்சான்காத்து | நவம்பர் 13, இரவு 11:48

நேத்து அப்பத்தாகிட்ட கேட்டேன். 1800 சரியான்னு. அது சிரிச்சிருச்சு.

"யாருடா எண்ணுனது"ன்னுச்சு. அவங்க தெருவுல பதினேழு வீடு. வீட்டுக்கு வீடு பேரு சொல்லும், இன்னைக்கும். ஆனா அன்னைக்கு ராத்திரி சிலோன் போக வந்து கப்பலுக்குக் காத்திருந்தவங்க, கருவாடு வாங்க வந்த யாவாரிங்க, கோயிலுக்கு வந்து முனையில முங்க வந்தவங்க, இவங்கள யாருக்குத் தெரியும்? எந்த ஊர்லயோ ஒரு வீட்டுல ஒருத்தர் திரும்பி வரல, அவ்ளோதான். அவங்க தனுஷ்கோடிக்குத்தான் போனாங்கன்னு வீட்டுக்கே தெரியாம இருந்திருக்கலாம்.

அதனால உங்க புதிரு எப்படி இருந்தாலும் ஓடியிருக்காதுண்ணே. ரயிலுக்கு 115-னு போட்டா ஒரு எடம் காட்டும். 200-னு போட்டா வேற எடம்.

மீட்டர்கேஜ்_காரன் | நவம்பர் 14, காலை 6:02

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. ஜிபிஎஸ் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் ஒரு நிமிடத்தின் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு. அட்சரேகையில் அது ஒன்றுக்கு 1.85 மீட்டர். 115-க்கும் 200-க்கும் வித்தியாசம் 85. அதாவது சுமார் 157 மீட்டர். யாரும் எண்ணாத ஆட்களால் டப்பா 157 மீட்டர் தள்ளிப் போய்விடும்.

"ஈ"-யைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்த எண் எங்கே கொண்டுபோய் விடும் என்று போட்டுப் பார்க்க மனசு வரவில்லை.

திசைகாட்டி | நவம்பர் 14, காலை 7:20

புதிரை அழித்துவிட்டேன்.

பைக்_பாண்டி | நவம்பர் 14, காலை 7:44

நானும் போட்ட துண்ட எடுத்துக்கறேன் தல. கச்சான்காத்து ப்ரோ, முந்தி பேசுனதுக்கு மன்னிப்பு. மண்டபத்துல எங்க மாமா வீடு இருக்கு. ஒரு நாள் வந்து அப்பத்தா கையால மீன் குழம்பு சாப்பிடலாமா?

கச்சான்காத்து | நவம்பர் 14, காலை 8:30

உப்பு கூடித்தான் இருக்கும். வாங்க.

திசைகாட்டி | டிசம்பர் 8, இரவு 10:11

ரொம்ப நாளாக இழையில் வரவில்லை. நேற்று தனுஷ்கோடி போய் வந்தேன். கச்சான்காத்து கூட வந்தார். டீச்சரம்மாவும் ராமநாதபுரத்தில் இருந்து பஸ்ஸில் வந்துவிட்டார், குடை, தண்ணீர் பாட்டில், முறுக்கு சகிதம்.

முன்னால் நான் "நல்ல இடுக்கு" என்று குறித்து வைத்திருந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் ஒரு அம்மா வலை காயப்போட்டிருந்தார். போன தடவை நான் அந்தப் பக்கம் சுற்றிவந்து பார்க்கவே இல்லை. போனில் இருந்த அம்புக்குறியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி அருகே டீச்சர் எங்களை உட்காரவைத்து வகுப்பே எடுத்தார். வலை இழுக்கப் போன இரண்டு பையன்களும் நின்று கேட்டார்கள். அதில் ஒருவன், "டீச்சர், போன வருசம் மொனை இங்கன வளஞ்சு இருந்துச்சு, இப்ப அந்தாண்ட போயிருச்சு" என்று மணலில் குச்சியால் வரைந்து காட்டினான். எர்த்கேச்சுக்கு முதல் கேள்வி அதுதான்.

மாலை ராமேஸ்வரத்தில் அப்பத்தா வீடு. என்னைக் காட்டி, "இவருதான் டப்பா வைக்க வந்தவரு" என்று அறிமுகம். அவர் கோபப்படவில்லை. என்ன டப்பா, எவ்வளவு பெரிசு, உள்ளே என்ன இருக்கும் என்று விசாரித்தார். பேர் எழுதுகிற காகிதம் என்றேன். புயலுக்கு அப்புறம் தன் அப்பா மாதக்கணக்கில் அங்கே போய் மணலைக் கிளறினார் என்றார். ஒரு டிரங்குப் பெட்டிக்காக. நிலத்துப் பத்திரமும் அம்மாவின் தோடும் அதில் இருந்ததாம். பெட்டி கிடைக்கவில்லை. வேறு யாரோ வீட்டுப் பித்தளைக் குடத்தின் மூடி ஒன்று கிடைத்தது. அது இன்னும் அவர்கள் வீட்டில் அரிசிப் பானையை மூடிக்கொண்டிருக்கிறது.

மூடிக்கு உரியவர் யார் என்று தெரிந்ததா என்று கேட்டேன். "கேட்டு வருவாகன்னுதான் வச்சிருக்கேன்" என்றார்.

எர்த்கேச் விவரத்தை எழுதி முடித்துவிட்டேன். ஏழு கேள்வி இருந்தது, மூன்றாகக் குறைத்தேன். இறந்தவர்கள் எண்ணிக்கை என்று எதுவும் போடவில்லை. ரயில் கிளம்பிய நேரமும் அந்தக் கடலின் ஆழக்குறைவும் இருக்கின்றன. பெயரும் மாற்றியாயிற்று: "மணல் நாக்கு". தேதி டிசம்பர் 22 வேண்டாம் என்று கச்சான்காத்து சொன்னார், அன்று அவர்கள் வீட்டில் விளக்கேற்றுவார்கள். ஜனவரியில் வனத்துறைக்கு எழுதிக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன். வரைவைக் கீழே இணைத்திருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

புதுசு_2025 | டிசம்பர் 8, இரவு 10:40

அண்ணா, இது டப்பா இல்லாத கேச்னா நான்கூட பண்ணலாமா? போன் மட்டும் போதுமா?

மண்ணியல்_டீச்சர் | டிசம்பர் 9, காலை 6:30

போதும் கண்ணா. தொப்பியும் தண்ணீரும் கொண்டு போ. அங்கே நிழல் கிடையாது.

மீட்டர்கேஜ்_காரன் | டிசம்பர் 9, காலை 7:15

வரைவு படித்தேன். "போட் மெயில்" என்ற சொல் எங்கும் தப்பாக வரவில்லை. முதல் தடவையாக ஒரு தனுஷ்கோடி கட்டுரையில் எனக்கு வேலை இல்லை.

கச்சான்காத்து | டிசம்பர் 9, பிற்பகல் 1:22

எனக்கு இருக்கு. ரெண்டாவது கேள்வியில "முனைக்குப் போகும்போது வலது பக்கம் இருப்பது பெண் கடல்"னு போட்டிருக்கீங்க. வலது ஆண் கடல்ணே, அலை அடிக்கற மன்னார் வளைகுடா. பெண் கடல் இடது, அமைதியான பாக் நீரிணை. திரும்பி வரும்போதுதான் வலது. மாத்திருங்க.